உடலின் எச்சரிக்கையும் மனச்சான்றின் குரலும்



சில ஆண்டுகளுக்கு முன் புனித வெள்ளியன்று சிலுவைப்பாதையின்போது, அறுபதைக் கடந்த ஒரு தாய் மயங்கிச் சாய்ந்தார். வழக்கம்போல் சர்க்கரை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நோன்பு என்பதால் எதுவும் உண்ணாமல் வந்திருக்கிறார். தெளிந்ததும், "முன்பெல்லாம் கை நடுங்கும், வியர்க்கும் சாமி. இப்போது முன்கூட்டியே எதுவும் தெரிவதில்லை" என்றார்.

நமது உடலில் இறைவன் வைத்திருக்கும் ஏற்பாடு வியப்புக்குரியது. நாம் உண்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. கணையம் அதை உணர்ந்து இன்சுலினைச் சுரக்கிறது. உடலின் செல்கள் சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. கல்லீரலும் ஒரு பகுதியைச் சேமித்து வைக்கிறது. சர்க்கரை இறங்கியதும் இன்சுலின் சுரப்பும் குறைகிறது. பசித்திருக்கும்போது அதே கணையம் குளுக்ககானை அனுப்ப, கல்லீரல் தன் சேமிப்பைத் திருப்பித் தருகிறது. இவ்வாறு விளைவே திரும்பிவந்து செயலைத் திருத்துவதைப் 'பின்னூட்டம்' என்கிறார்கள். இதனால்தான் நலமாயிருப்பவருக்கு, வெறும் வயிற்றில் 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை ஏறத்தாழ 70 முதல் 100 மில்லிகிராம் வரை நிற்கிறது. உடல் சமநிலையைக் காக்கும் இத்தன்மைக்கு 1926-இல் வால்டர் கேனன் என்ற அமெரிக்க அறிஞர் 'ஹோமியோஸ்டாசிஸ்' எனப் பெயரிட்டார்.

சர்க்கரை மிகவும் குறைந்தால் அட்ரினலின் சுரக்கிறது. நடுக்கம், வியர்வை, படபடப்பு வருகின்றன. இவை உடல் அடிக்கும் எச்சரிக்கை மணி. ஆனால் இன்சுலின் ஊசியோ சிலவகை மாத்திரைகளோ எடுத்தபின் உண்ணாதிருந்தால், சர்க்கரை குறைந்த பின்னும் மருந்து தன் வேலையைத் தொடர்கிறது. அடிக்கடி இப்படி நேர்ந்தால் மணியோசையே மங்கிவிடுகிறது. அந்தத் தாய்க்கு நேர்ந்தது இதுதான். மருத்துவர் துணையோடு சில வாரங்கள் சர்க்கரை தாழாமல் பார்த்துக்கொண்டால், அந்த உணர்வு பலருக்குத் திரும்பக் கிடைக்கிறது.

மனச்சான்றும் இப்படித்தான். முதல் பொய்யில் நெஞ்சு படபடக்கிறது. பத்தாவது பொய்யில் ஒன்றுமே தெரிவதில்லை. அதை நாம் மன அமைதி என்று எண்ணிக்கொள்கிறோம். புனித இஞ்ஞாசியார் அன்றாட ஆன்மச் சோதனையை வலியுறுத்தியது இதனால்தான். ஒப்புரவு அருட்சாதனத்தை நாடி, பாவ வாய்ப்புகளை விட்டு விலகி நடந்தால், மரத்துப்போன மனமும் மீண்டும் உணரத் தொடங்கும்.

நோன்புக் கடமை 18 வயது நிறைந்தவர்களுக்கு, 60-ஆம் வயது தொடங்கும்வரை மட்டுமே. நோயுற்றோரைத் திருச்சபை அதற்குக் கட்டாயப்படுத்துவதில்லை. சர்க்கரை நோயுள்ளவர்களே, மருத்துவரைக் கேளாமல் உணவைத் தவிர்க்காதீர்கள். செபமும் பிறரன்புச் செயலும் உங்கள் நோன்பாகட்டும். உடலின் குரலுக்குச் செவிகொடுப்பதும் அதைப் படைத்தவருக்குச் செலுத்தும் நன்றியே.