பிள்ளைகளோடு மலையேறுவோரின் உணவு மூட்டை

சிவனொளிபாத மலையின் யாத்திரைக் காலம் டிசம்பர் மாதப் பூரணையன்று தொடங்கி, மே மாதத்து வெசாக் பூரணையோடு நிறைவெய்துகிறது. இம்மாதங்களில் கொத்மலைத் தோட்டக் குடும்பங்கள் பல, தலவாக்கலை, ஹட்டன், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணியை அடைந்து, அங்கே தங்கி மலையேறுகின்றன. கூடாரமடித்துத் தங்கும் வழக்கம் தோட்ட மக்களிடையே அருகியே காணப்படினும், வீட்டுக்கு வெளியே அடுப்பு மூட்டிப் பிள்ளைகளுக்குச் சோறிடும் முகாம் வாழ்வை அவர்கள் அறிவது இந்த யாத்திரையிலேதான்.

யாத்திரைக்கு ஆயத்தமாகும்போது கம்பளித் துணி, கைவிளக்கு, பூசைப் பொருள் என எல்லாம் நினைவுக்கு வருகின்றன. உணவு மட்டும் கடைசி நாழிகைக்கு ஒதுக்கப்படுகிறது. சிலர் பிஸ்கற்றும் சோடாவும் வாங்கிக்கொண்டு புறப்படுவர். வேறு சிலரோ முதல்நாளே கோழிக்கறியும் தேங்காய்ப்பால் கறியும் சமைத்து, சூடு ஆறுமுன் மூடிக்கட்டி எடுத்துச் செல்வர். முன்னது பசியை ஏய்க்கும். பின்னது வயிற்றைக் கெடுக்கும். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளில் பாதி ஏறிய நிலையில், நள்ளிரவில், குளிர் காற்றில், ஒரு குழந்தை வாந்தியெடுக்கத் தொடங்கினால் தந்தை அதனைத் தோளிற் சுமந்து இறங்குவதைத் தவிர வேறு வழியில்லை.

இவ்விடத்தில் வழிகாட்டி தோட்ட வீட்டிலேயே இருக்கிறார். கொழுந்து பறிக்கச் செல்லும் தாய் விடியுமுன் ரொட்டி சுட்டுத் துணியில் முடிந்துகொள்கிறார். எந்த உணவு நண்பகல்வரை தாங்கும், எது பத்து மணிக்கே புளித்துவிடும் என்பதை அவர் நன்கறிவார். தேங்காய்ப்பூச் சேர்த்த சம்பல் விரைவிற் கெடும்; மிளகாய், உப்பு, வெங்காயம், தேசிக்காய்ப் புளி மட்டும் சேர்த்து இடித்த சம்பல் நெடுநேரம் இருக்கும். ஈரம் மிகுந்தது முதலில் கெடும், உலர்ந்தது நிலைக்கும் என்ற அவ்வறிவே முகாமுக்கும் போதும்.

ஆனால் ரொட்டியும் சம்பலும் வெறுந்தேநீரும் மட்டும் வளரும் பிள்ளைக்குப் போதா. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, தோட்டத்துறையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 32 பேர் வயதுக்கேற்ற உயரமின்றி இருப்பதைக் காட்டிற்று. நாடு முழுமைக்கும் அத்தொகை 17 அளவே. எனவே மூட்டையில் பருப்பும் முட்டையும் கச்சானும் இடம்பெற வேண்டும். உணவோடு தேநீர் அருந்தினால் உணவிலுள்ள இரும்புச் சத்து உடலிற் சேர்வது குறையும். பிள்ளைகளுக்குக் கொத்தமல்லியும் இஞ்சியும் இட்டுக் காய்ச்சிய நீரே தகும்.

நல்லதண்ணியை மாலையிற் சேரும் குடும்பத்துக்கு அன்றைய உணவு புளிச்சோறாக இருக்கலாம். சோற்றை அகன்ற தட்டிற் பரப்பி விரைவில் ஆறவிட்டு, நல்லெண்ணெயும் புளிக்காய்ச்சலும் கலந்து, வாட்டிய வாழையிலையிற் கட்டவேண்டும். சூட்டோடு கட்டிய பொதிக்குள் நீர் வியர்த்து, கிருமி பெருகும். அவித்த முட்டையை ஓடு நீக்காமல் கொண்டுசென்று அம்மாலையிலேயே உண்டு முடிக்கவேண்டும். மறுநாளுக்கு வைத்தல் கூடாது.

ஏறும்போது பிள்ளைகள் வயிறார உண்ணமாட்டார்கள்; சிறிது சிறிதாக அடிக்கடி கேட்பார்கள். வறுத்த கச்சானை இடித்துக் கித்துள் கருப்பட்டியோடு பிடித்த உருண்டை, சீனி கலந்த அவல், வாழைப்பழம் ஆகியவை அதற்குப் போதும். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முழுக் கச்சான் கொடுத்தலாகாது; மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். 2,243 மீற்றர் உயரமான உச்சியில் விடியற்குளிரில் நடுங்கும் பிள்ளைக்கு, வெந்நீர்ப் போத்தலிலுள்ள மல்லித் தண்ணீர் ஒரு குவளை எந்தப் பலகாரத்தினும் இனிது.

இறங்கிவந்த பின்னரே அடுப்புக்கு வேலை. நால்வருக்கு இரண்டு சுண்டு அரிசி, ஒரு சுண்டு மைசூர்ப் பருப்பு, மஞ்சள், உப்பு ஆகியவற்றை வீட்டிலேயே கல் நீக்கி ஒரே பையிற் கட்டிவைத்தால், முகாமில் ஒரே பானையில், குழைய வெந்த பருப்புச் சோறு ஆகிவிடும். பொடியாய் நறுக்கிய கரட்டையும் அதிலேயே இடலாம். உயரம் 300 மீற்றர் கூடுந்தோறும் நீர் கொதிக்கும் வெப்பநிலை ஏறத்தாழ ஒரு பாகை குறைவதால், 1,868 மீற்றர் உயரமான நுவரெலியாவில் நீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. மலையில் பருப்பு வேகத் தாமதிப்பதற்குக் காரணம் விறகின் ஈரம் மட்டுமன்று. அரை மணி நேரம் ஊறவைத்து உலையிலிட்டால் எரிபொருள் மிஞ்சும்.

நல்லதண்ணி என்னும் பெயரை நம்பி ஓடைநீரை அப்படியே பருகும் அன்பர்கள் உளர். பெயர் நீரைக் காய்ச்சித் தராது. எந்த ஓடைநீரையும் நன்கு கொதித்தபின் ஒரு நிமிடம், 2,000 மீற்றருக்கு மேலாயின் மூன்று நிமிடம், கொதிக்கவிட வேண்டும். வயிற்றோட்டம் கண்டால், கொதித்தாறிய ஒரு லீற்றர் நீரில் ஆறு மட்டத் தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறுகச் சிறுகப் புகட்டவேண்டும். இவ்வளவைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது.

மலையைச் சூழ்ந்த காடு 2010ஆம் ஆண்டில் உலக மரபுரிமையாக அறிவிக்கப்பட்ட மத்திய மலைநாட்டின் பகுதியாகும். அங்கே விறகு ஒடித்தல் முறையன்று; மண்ணெண்ணெய் அடுப்பையோ சிறிய வாயு அடுப்பையோ கொண்டுசெல்லலாம். குளிருக்கு அஞ்சி அதனை மூடிய அறையிலோ கூடாரத்திலோ எரித்தல் பேராபத்து. மணமற்ற நச்சுவாயு உறங்குவோரைக் கொல்லும்.

திரும்பும் வழியில் எஞ்சிய சோற்றை வீட்டிலுள்ள முதியோருக்கென்று பொதிகட்டிக் கொண்டுவருவது தோட்டத்துப் பாசம். அதனை மட்டும் அன்று விட்டுவிட்டு, கச்சான் உருண்டையில் மீதியைக் கொண்டுவருக.