ஒரே தராசு போதுமா?

இயற்பியல் செய்முறைக் கூடம் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். முப்பது மாணவர்களுக்கும் ஒரே தராசு. இதில் ஒரு நன்மை உண்டு. எல்லோரும் ஒரே கருவியில் நிறுப்பதால் விடைகளை ஒப்பிடுவது எளிது. ஆனால் ஒருவர் அதன் திருகைச் சற்றே திருப்பிவிட்டுச் சென்றால் என்ன ஆகும்? அடுத்தவரின் விடை தவறாகும். பிழை எங்கிருந்து வந்தது என்பதும் அவருக்குப் புரியாது.

கணிப்பொறிக்கு நிரல் எழுதுவோரும் இதே சிக்கலைச் சந்திக்கிறார்கள். பெரிய நிரல் என்பது பல சிறு பகுதிகளால் ஆனது. அப்பகுதிகளை அமைத்து இணைப்பதில் அடிக்கடி எழும் சிக்கல்களுக்கு, அனுபவத்தில் கண்ட தீர்வுகளே 'வடிவமைப்புப் பாங்குகள்' எனப்படுகின்றன. இக்கருத்து கட்டடக் கலையிலிருந்து வந்தது. 1977-இல் கிறிஸ்டோபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் நகரம், தெரு, வீடு ஆகியவற்றுக்கு 253 பாங்குகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டனர். 1994-இல் எரிக் காமா, ரிச்சர்ட் ஹெல்ம், ரால்ப் ஜான்சன், ஜான் விலிசிடிஸ் ஆகிய நால்வர் மென்பொருளுக்கு 23 பாங்குகளைத் தொகுத்தனர்.

அவற்றுள் ஒன்று 'சிங்கிள்டன்'. குறிப்பிட்ட ஒரு பொருள் நிரல் முழுவதற்கும் ஒன்றுதான் இருக்க வேண்டும். எந்தப் பகுதியும் அதை நேரே அணுகலாம். நம் தராசேதான்! எழுதுவதற்கு இது மிக வசதி. ஆனால் ஒரு பகுதி அப்பொருளில் செய்யும் மாற்றம், அதைப் பயன்படுத்தும் வேறொரு பகுதியைப் பாதிக்கும். ஒரு பகுதியைத் தனியே எடுத்துச் சோதிப்பதும் கடினமாகிவிடும்.

நால்வரின் நூல் ஒவ்வொரு பாங்குக்கும் 'விளைவுகள்' என்று ஒரு பிரிவை ஒதுக்கி, பெறுவதையும் இழப்பதையும் கூறுகிறது. ஆயினும் பலர் பாங்குகளை மீறக்கூடாத விதிகளாகக் கொண்டு, சிறிய நிரலிலும் அவற்றைப் புகுத்தினர். 2009-இல் ஒரு பேட்டியில் காமாவே, சிங்கிள்டனைத் தொகுப்பிலிருந்து நீக்கலாம் என்றார்.

அப்படியானால் அதை எங்குமே பயன்படுத்தக் கூடாதா? அதுவும் மற்றொரு குருட்டு விதியாகிவிடும் அல்லவா? ஒருவர் எழுதும் நூறு வரி நிரலில் அதனால் வரும் தொல்லை சிறிது. பலர் சேர்ந்து பல ஆண்டுகள் வளர்க்கும் நிரலில் அது பெரிது.

விழும் பொருளைக் கணக்கிடும்போது காற்றின் தடையை ஒதுக்கிவிடுகிறோம். கைப்பிடியிலிருந்து விழும் கல்லுக்கு இது பொருந்தும், இறகுக்குப் பொருந்தாது. நிரலுக்கும் அப்படியே. இனி யாரேனும் உங்களிடம் ஒரு விதியைக் கூறினால், எதைப் பெற எதை இழக்கிறோம் என்று முதலில் கேளுங்கள்.