தென்னையைத் தாக்கும் சுருள் வெள்ளை ஈ

தென்னை ஓலை கரி பூசியதுபோல் கறுத்துள்ளதா? அடி ஓலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளை மெழுகுப் பூச்சுடன் சுருள் சுருளாக முட்டைகள் இருந்தால், அது சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்காவைச் சேர்ந்த இப்பூச்சி, நம் நாட்டில் 2016-இல் பொள்ளாச்சி, பாலக்காடு வட்டாரங்களில் முதலில் காணப்பட்டது.

குஞ்சுகளும் ஈக்களும் ஓலையின் அடிப்புறத்தில் சாற்றை உறிஞ்சுகின்றன. அவை கழிக்கும் தேன் போன்ற திரவம் கீழ் ஓலைகளிலும் ஊடுபயிரிலும் சொட்டுகிறது. அதில் கரும்பூசணம் படர்ந்து வெயிலை மறைப்பதால், இலை உணவு தயாரிப்பது குறைந்து மரம் நலிகிறது. வாழை, கொய்யா, மா ஆகியவற்றையும் இந்த ஈ தாக்கும்.

அவசரப்பட்டு விஷ மருந்து தெளிக்க வேண்டாம். என்கார்சியா என்னும் சிறு குளவி, ஈயின் குஞ்சில் முட்டையிட்டு அதை அழிக்கிறது. மருந்து இக்குளவியையும் பொறிவண்டையும் கொன்றுவிடும். ஈயோ மீண்டும் பெருகும்.

ஓலையின் அடிப்புறத்தில் தண்ணீரை விசையுடன் பீய்ச்சியடிக்க வேண்டும். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் பாலிதீன் தாள்களை 6 அடி உயரத்தில் கட்டலாம். லிட்டருக்கு 25 கிராம் மைதா வீதம் காய்ச்சிய பசைக் கரைசலைத் தெளித்தால் கரும்பூசணம் காய்ந்து உதிரும். குஞ்சுகள் கறுத்துள்ள ஓலையில் குளவி வளர்கிறது. அதைத் துண்டுகளாக வெட்டி, குளவி இல்லாத தோப்பில் கட்டிவிட வேண்டும்.