பிஞ்சுக் குடலுக்கு ஏற்ற கொழுப்பு

கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃபிலோ மாரிக்குப்பத்திலோ ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதத்திலேயே பிரசவமாகிவிட்டால், குடும்பம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கோலாருக்கோ பெங்களூருக்கோ ஓட வேண்டிவரும். 2001இல் சுரங்கம் மூடியதிலிருந்து பிழைப்புக்காக விடியற்காலை ரயிலேறும் தங்கவயல்காரர்களுக்கு, அங்கே நாள்கணக்கில் தங்குவதென்றால் கூலியும் போச்சு. அப்படியும் தாய் குழந்தையின் பக்கத்திலேயே இருப்பது ஏன் முக்கியம் என்பதற்கு, கொழுப்பு செரிக்கும் விதமே ஒரு காரணம்.

கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில்தான் டிஎச்ஏ, அரகிடோனிக் அமிலம் என்ற இரு கொழுப்பு அமிலங்களும் தாயிடமிருந்து சிசுவின் மூளைக்கும் விழித்திரைக்கும் மளமளவென்று போய்ச் சேருகின்றன. 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு அந்த வரத்து பாதியிலேயே நின்றுவிடுகிறது.

எண்ணெயாகப் புகட்டி ஈடுகட்டலாமே என்று தோன்றும். ஆனால் அந்தக் குழந்தையின் கணையம் கொழுப்பை உடைக்கும் லைபேஸ் நொதியைக் கொஞ்சமாகத்தான் சுரக்கிறது. பித்த உப்பும் குறைவு. உடையாத கொழுப்பு மலத்தோடு போய்விடும்.

இந்தக் குறையைத் தாய்ப்பால் ஓரளவு நிரப்புகிறது. பித்த உப்பு பட்டதும் வேலை செய்யத் தொடங்கும் ஒரு லைபேஸ் அதிலேயே இருக்கிறது. தானமாக வரும் பாலைப் பால் வங்கியில் 62.5 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கினால் கிருமிகளோடு அந்த நொதியும் அழிந்துவிடும். மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய இந்தியாவின் முதல் பால் வங்கியும், அதன் பிறகு வந்தவையும் எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனாலும் பெற்றவள் அப்போதே பீய்ச்சித் தரும் பாலுக்கு எதுவும் ஈடில்லை. அந்த நொதியை ஆய்வகத்தில் தயாரித்துச் சேர்த்துப் பார்த்தார்கள். 2016இல் வெளியான பெரிய சோதனையில் குழந்தைகளின் எடை எதிர்பார்த்தபடி கூடவில்லை.

கொழுப்பு குடலுக்குப் போகும் வழியிலும் ஒரு சிக்கல் உண்டு. பாலை ட்யூப் வழியாகப் பம்ப் வைத்து மெதுவாகச் செலுத்தும்போது, கொழுப்பு அதிலிருந்து பிரிந்து மேலே மிதந்து சிரிஞ்சிலும் ட்யூபிலும் ஒட்டிக்கொள்கிறது. ஊட்டம் மிகவும் தேவைப்படுகிற குழந்தைக்குத்தான் இந்த இழப்பு. சிரிஞ்சின் முனையை மேல்நோக்கிச் சாய்த்து வைத்தால், மிதக்கும் கொழுப்பு முதலில் உள்ளே போகும். செலவே இல்லாத இந்த உபாயம் எல்லா வார்டுகளிலும் வழக்கமாக வேண்டும்.

எண்ணெயை நுண்துளிகளாக்கிப் பால்மமாகக் கொடுப்பது இன்னொரு வழி. 29 வாரத்துக்கு முன் பிறந்த 1,273 குழந்தைகளை வைத்து ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் நடத்திய சோதனையில் அப்படித்தான் டிஎச்ஏ தரப்பட்டது. 2017இல் வந்த முடிவு ஏமாற்றம்: நுரையீரல் நோய் குறையவில்லை, கூடியிருக்கவும் வாய்ப்புண்டு. ஆனால் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினருக்கு ஐந்து வயதில் அறிவுத்திறனை அளந்தபோது, டிஎச்ஏ பெற்றவர்களின் சராசரி சுமார் 3.5 புள்ளி கூடுதலாக இருந்தது. ஸ்வீடனில் டிஎச்ஏவையும் அரகிடோனிக் அமிலத்தையும் சேர்த்துக் கொடுத்த சோதனையில் கடுமையான விழித்திரை நோய் 33.3 சதவீதத்திலிருந்து 15.8 சதவீதமாக இறங்கியது.

ஒரே எண்ணெய் ஓர் உறுப்புக்கு நல்லது செய்து, இன்னொன்றுக்குக் கெடுதல் செய்யக்கூடும் என்பதால் அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். கடையில் வாங்கிய மீன் எண்ணெய் மாத்திரையை உடைத்து வாயில் விடவே கூடாது. தேங்காய் எண்ணெய் எளிதில் செரிக்கும்; ஆனால் அதில் டிஎச்ஏ கிடையாது.