பாங்கோசை குழந்தைக்குக் கேட்டதா?

பிறந்த குழந்தையின் செவியில் பாங்கு சொல்வது நம் இல்லங்களின் நெடுநாள் வழக்கம். அவ்வோசை குழந்தைக்குக் கேட்டதா என்பதை அறிய நம்மில் எத்தனை பேர் முற்படுகிறோம்?

உட்செவியில் நத்தைக் கூட்டைப் போலச் சுருண்டிருக்கும் உறுப்புக்குக் காக்ளியா என்று பெயர். சுருளை நீட்டினால் ஏறத்தாழ 35 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். திண்டுக்கல் பூட்டினுள் இருக்கும் ஒவ்வொரு லீவரும் சாவியில் தனக்குரிய வெட்டுக்கு மட்டுமே இணங்குவதைக் கண்டிருப்பீர்கள். காக்ளியாவும் அத்தகையதே. அதன் அடிப்பகுதி கீச்சொலிக்கும், நுனிப்பகுதி கனத்த ஒலிக்கும் இசைந்து அதிரும். ஏறத்தாழ 3,500 நுண்ணிய மயிர்ச் செல்கள் அவ்வதிர்வை நரம்பின் வழியே மூளைக்கு அனுப்புகின்றன. இவை அழிந்தால் மனிதரிடம் மீண்டும் முளைப்பதில்லை.

இவ்வுறுப்பின் செயலை மின்சுற்றாக வடிக்க அறிஞர்கள் முயன்றனர். 1988இல் அமெரிக்காவின் ரிச்சர்ட் லயன், கார்வர் மீட் ஆகிய இருவரும் ஒலியைப் பிரிக்கும் வடிகட்டிச் சுற்றுகளைச் சிலிக்கான் சில்லில் வரிசையாகத் தொடுத்தனர். ஒலி அவற்றைக் கடந்து செல்லுகையில் கீச்சொலி முதலிலும் கனத்த ஒலி இறுதியிலும் பிரிந்தன. இந்தியாவில் பிறந்த ராகுல் சர்பேஷ்கர், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் பணியாற்றியபோது, இதே தத்துவத்தில் வானொலி அலைகளைப் பகுக்கும் சில்லைத் தம் மாணவருடன் 2009இல் உருவாக்கினார்.

ஒலியைப் பகுத்து நரம்புக்கு அளிக்கும் இதே பணியைக் காக்ளியர் கருவி மனிதச் செவியிலேயே செய்கிறது. பல மின்முனைகள் கொண்ட இத்தகைய கருவியை ஆஸ்திரேலியாவின் கிரேம் கிளார்க் 1978இல் மெல்போர்ன் நகரில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். காதின் பின்புறம் அணியும் பகுதி ஒலியை வாங்கிப் பகுக்கிறது. அறுவைச் சிகிச்சையால் உள்ளே வைக்கப்பட்ட மெல்லிய கம்பியின் மின்முனைகள் நரம்பைத் தூண்டுகின்றன. பரவலாகப் பயன்படும் ஒருவகைக் கருவியில் 22 மின்முனைகளே உள்ளன. ஆயிரக்கணக்கான செல்களின் வேலையை இருபத்திரண்டு முனைகள் முழுமையாகச் செய்திட இயலாது. எனவே கேட்பதைப் பொருளாக உணர மூளை பழக வேண்டும். அறுவைச் சிகிச்சைக்குப் பின் பல மாதங்கள், ஏன், சில ஆண்டுகள்கூடப் பேச்சுப் பயிற்சி தேவைப்படுகிறது.

இங்குதான் காலத்தின் அருமை விளங்குகிறது. மொழி வேரூன்றுவது முதல் சில ஆண்டுகளில்தான். “இவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்” என்று வீட்டுப் பெரியவர்கள் ஆறுதல் கூறுவதில், திரும்பக் கிடைக்காத நாட்கள் கழிந்துவிடுகின்றன. நலமான உட்செவி, தான் கேட்ட ஒலிக்கு மறுமொழியாக மெல்லிய ஒலியொன்றை எழுப்பும். அதனைப் பதிவு செய்யும் சோதனை, உறங்கும் சிசுவுக்குச் சில நிமிடங்களில் வலியின்றி முடியும். முதல் மாதத்திலேயே இச்சோதனையைச் செய்துகொள்வது நன்று. நெருங்கிய உறவுக்குள் மணமுடித்த பெற்றோரின் குழந்தைகளுக்குப் பிறவிச் செவிட்டுத்தன்மை நேரும் வாய்ப்பு சற்று மிகுதி என்பதால், அவ்வில்லங்கள் கூடுதல் கவனம் கொள்ளல் வேண்டும்.

செலவை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், தகுதியுள்ள குடும்பங்களின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இச்சிகிச்சை இடம்பெற்றுள்ளது. திண்டுக்கல்லில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதன் மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டை மருத்துவரை அணுகி விவரம் கேட்டறியலாம்.

தாய்மார்களே! கதவு படாரென்று சாத்தியும் குழந்தை திடுக்கிடவில்லையா? உங்கள் குரல் கேட்டும் திரும்பவில்லையா? நாளை என்று தள்ளாமல் இவ்வாரமே அழைத்துச் செல்லுங்கள்.