விரல் மறந்தாலும் வழி மறவாதிருக்க

சென்ற ஆண்டு ஒரு நண்பகல் வேளையில், ஓய்வூதியம் பெறும் மூத்த வாடிக்கையாளர் ஒருவர் பதற்றத்துடன் எங்கள் கிளைக்குள் நுழைந்தார். வாயிலில் உள்ள ஏடிஎம் இயந்திரத்தில் பல ஆண்டுகளாகப் பணம் எடுத்து வருபவர் அவர். அன்று இரகசிய எண்ணை அழுத்தப்போகும் நேரத்தில் பின்னால் நின்றவர் ஏதோ வினவ, அவருக்கு விடையளித்துவிட்டுத் திரும்பியபோது எண் நினைவில் இல்லை. இருமுறை தவறாக அழுத்திவிட்டார். மூன்றாம் முறை அழுத்தத் துணிவில்லாமல் எங்களிடம் வந்தார். "எண் எனக்கு எங்கே தெரியும்? என் விரலுக்குத்தான் தெரியும்" என்றார்.

எண்ணை நாங்கள் கேட்கவில்லை. எவரும் கேட்கவும் கூடாது. புதிய எண் அமைத்துக்கொள்ளும் வழியைக் காட்டி அனுப்பிவைத்தோம். ஆயினும் அவர் சொன்ன சொல் எங்கள் மனத்தை விட்டு அகலவில்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஏறத்தாழ அதே சொல்லை எங்கள் பதின்மூன்று வயது மகள் அழுதுகொண்டே சொல்லியிருந்தாள்.

மேடையில் ஒரு வட்டச் சாலை

பணி மாறுதலில் நாங்கள் மும்பைக்கு வந்த நாள் முதலாக மகள் பியானோ பயின்று வருகிறாள். அவளுடைய ஆசிரியை ஆண்டுக்கு ஒருமுறை தம் மாணவர்களைச் சிறிய அரங்கொன்றில் மேடையேற்றுவார். சென்ற ஆண்டு அவள் வாசிக்கவேண்டியிருந்தது, மொசார்ட் 1788ஆம் ஆண்டில் இயற்றிய சி மேஜர் சொனாட்டாவின் முதற்பகுதி. 'தொடக்க நிலையினருக்கான சிறிய சொனாட்டா' என்று மொசார்ட்டே தம் பட்டியலில் குறித்துவைத்த படைப்பு இது. இசைத்தாளை முன்னால் வைத்துக்கொள்ளாமல் வாசிக்க அவள் விரும்பினாள்.

அதன் அமைப்பைச் சற்று விளக்கினால் நேர்ந்தது என்னவென்று விளங்கும். அதில் முதன்மையாக இரண்டு மெட்டுகள் உண்டு. முதல் மெட்டு சி சுரத்தை ஆதாரமாகக் கொண்டது. இரண்டாம் மெட்டு ஜி சுரத்துக்கு மாறிச் செல்வது. அதன்பின் ஒரு நடுப்பகுதி. பிறகு இரு மெட்டுகளும் மீண்டும் வருகின்றன. ஆனால் இம்முறை இரண்டாம் மெட்டு ஜி-க்குச் செல்லாமல் சி-யில் ஒலித்து முடிவை நோக்கி நடக்கிறது. அந்த மெட்டுக்கு முன்னால் உள்ள வாசலோ இருமுறையும் ஒன்றே. வாசலைத் தாண்டிய பிறகுதான் வழி இரண்டாகப் பிரிகிறது.

எங்கள் மகள் இரண்டாம் முறையும் முதல் வழியிலேயே திரும்பிவிட்டாள். அந்த வழி அவளை மீண்டும் நடுப்பகுதியின் தொடக்கத்துக்கே கொண்டுசென்றது. வட்டமடிக்கிறோம் என்று உணர்ந்த கணத்தில் கை நின்றுவிட்டது. முதலிலிருந்து தொடங்கினாள், அதே வாசலில் மீண்டும் அதே பிழை. ஆசிரியை எழுந்துவந்து இசைத்தாளை எதிரில் வைத்தார். பல வாரங்களாகக் கண்ணெடுத்தும் பாராத அந்தத் தாளில், தான் நிற்கும் இடம் எது என்று அவளுக்குப் புலப்படவில்லை. அவையை வணங்கிவிட்டு இறங்கிவிட்டாள்.

"வீட்டில் நூறு முறை பிழையில்லாமல் வாசித்தேனே! விரலுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லையே!" என்பதுதான் அன்றிரவு அவள் சொன்னது. இரண்டு வாரங்கள் பியானோவின் மூடி திறக்கப்படவில்லை. வாசிப்பதையே விட்டுவிடுவாளோ என்று அஞ்சினோம். அந்த நூறு முறையும் எங்கள் அறிவுரையால் வந்தது என்பதை இங்கு ஒப்புக்கொள்ள வேண்டும். திரும்பத் திரும்பச் செய்தால் மனத்தில் நிலைத்துவிடும் என்றே நாங்களும் நம்பியிருந்தோம்.

தாளின்றி வாசிக்கும் மரபு

நம் கருநாடக இசை மேடையில் மனப்பாடமாகப் பாடுவதே இயல்பு என்பதால், மேலை இசையிலும் அது தொன்றுதொட்டு வந்த வழக்கம் என்று எண்ணத் தோன்றும். உண்மை வேறு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி வரை, பிறர் இயற்றிய படைப்பைத் தாளின்றி வாசிப்பது மதிப்புக் குறைவான செயலாகவே ஐரோப்பாவில் கருதப்பட்டது. 1837ஆம் ஆண்டில், பின்னாளில் கிளாரா ஷூமன் என்று புகழ்பெற்ற இளம்பெண் பெர்லின் நகரில் மனப்பாடமாக வாசித்தபோது, எழுத்தாளர் பெட்டினா ஃபான் ஆர்னிம் அதைச் செருக்கு என்றே கருதினார். கிளாராவும் ஃபிரான்ஸ் லிஸ்ட்டும் தொடர்ந்து அவ்வாறே வாசித்து வந்ததால், செருக்கு என்று தூற்றப்பட்டது நாளடைவில் கலைஞரின் கடமையாகவே மாறிவிட்டது.

அக்கடமையைப் பின்னர் உதறியவர்களும் உண்டு. உருசியாவின் மாபெரும் கலைஞர் ஸ்வியாதொஸ்லாவ் ரிக்டர், தம் இறுதி ஆண்டுகளில் அரங்கை இருளாக்கி, இசைத்தாளின் மேல் மட்டும் ஒரு விளக்கொளி விழச்செய்து வாசித்தார். இங்கிலாந்தின் மைரா ஹெஸ் அம்மையாரும் பிற்காலத்தில் தாளை வைத்துக்கொண்டார். ஆகவே தாளைப் பார்ப்பதில் இழுக்கு ஏதுமில்லை. ஆசிரியையும் இதையே எங்கள் மகளிடம் சொன்னார். "அடுத்த ஆண்டு தாளுடன் வாசிக்கலாம்; தாளில்லாமலும் வாசிக்கலாம். தாளில்லாமல் என்றால், மனப்பாடம் என்னும் வேலையைத் தனியே செய்ய வேண்டும். வாசித்துப் பழகும்போது அது தானாக வந்துவிடாது" என்றார். மூன்று நாள்கள் எண்ணிப் பார்த்துவிட்டு, தாளில்லாமல் வாசிக்கிறேன் என்றாள் மகள்.

ஒரே சாவியில் திறக்கும் அறை

வங்கியில் 'ஸ்ட்ராங் ரூம்' எனப்படும் பணப் பெட்டக அறையை ஒருவர் மட்டும் திறக்க இயலாது; இருவர் கையில் இரு சாவிகள் இருக்கும். அங்கே இரண்டும் சேர்ந்தால்தான் கதவு திறக்கும். இசை நினைவுக்கும் பல சாவிகள் உண்டு. ஆனால் இதில் ஒன்று தொலைந்தாலும் மற்றொன்றால் திறந்துகொள்ளலாம் என்பதே வேறுபாடு. அவை நான்கு. விரல்களின் பழக்கம் ஒன்று. அடுத்து வரும் ஒலியை முன்கூட்டியே கேட்கும் செவி இரண்டாவது. தாளின் தோற்றத்தையும் கட்டைகளின் மேல் கை அமரும் கோலத்தையும் காணும் கண் மூன்றாவது. இந்த இடத்தில் இன்ன சுரம் ஏன் வருகிறது என்று அறியும் அறிவு நான்காவது.

முயலாமலே கைக்கு வருவது முதல் சாவிதான். தனியறையில் அது ஒருநாளும் பொய்க்காது. ஆனால் ஓர் அசைவு அடுத்த அசைவை இழுத்துவரும் சங்கிலி அது. ஒரு கண்ணி அறுந்தால் முழுவதும் அறுந்துவிடும். மேடையில் கை குளிர்கிறது, நெஞ்சு படபடக்கிறது, பியானோவும் வேறு. 'அடுத்து என்ன?' என்று மனம் ஒரு கணம் வினவிவிட்டால் விரலிடம் விடை இருப்பதில்லை. எங்கள் வாடிக்கையாளருக்கு நேர்ந்ததும் இதுவே.

இதைச் சோதிக்க ஆசிரியை கையாண்ட முறை மிக எளியது. "கால் பங்கு வேகத்தில் வாசி" என்றார். நூறு முறை பிழையின்றி ஓடிய விரல்கள் பத்தாவது வரியில் திகைத்து நின்றன. பின்னர் இடக்கையை மட்டும் தனியே வாசிக்கச் சொன்னார். ஐந்தாவது வரியிலேயே நின்றுவிட்டது. வணிகவியல் பயின்றவர்களுக்கு இது புதிதன்று. நாள்தோறும் வரவுசெலவு சரியாக நடப்பதுபோல் தோன்றும்; இருப்பாய்வு எடுத்தால்தான் குறை எங்கே என்று தெரியும்.

எந்த நிலையத்திலும் ஏறலாம்

அடுத்து அவர் செய்தது மும்பைவாசிகளுக்கு உடனே புரியக்கூடியது. சொனாட்டாவைப் பன்னிரண்டு நிலையங்களாகப் பிரித்தார். "சர்ச்கேட்டில் ஏறினால்தான் போரிவலிக்குப் போக முடியுமா? தாதரில் ஏறினால் ஆகாதா?" என்று கேட்டார். பன்னிரண்டு எண்களைச் சீட்டில் எழுதி ஒரு டப்பாவில் இட்டார். எந்தச் சீட்டு வருகிறதோ அந்த நிலையத்திலிருந்து உடனே தொடங்க வேண்டும். கடைசி நிலையத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாகவும் தொடங்கிப் பார்க்க வேண்டும்.

இம்முறைக்கு ஆய்வின் ஆதாரமும் உண்டு. உளவியலாளர் ரோஜர் சாஃபினும் பியானோக் கலைஞர் கேப்ரியேலா இம்ரேயும் இணைந்து, பாக் இயற்றிய 'இத்தாலியன் கான்செர்ட்டோ'வின் இறுதிப் பகுதியை இம்ரே கற்ற விதத்தைப் பயிற்சிக்குப் பயிற்சி பதிவுசெய்து ஆராய்ந்தனர். அவர்களுடைய நூல் 2002ஆம் ஆண்டில் வெளிவந்தது. இரண்டு ஆண்டுகளுக்கும் மேலான இடைவெளிக்குப் பிறகு, அதன் முதற்பக்கத்தை நினைவிலிருந்து எழுதுமாறு இம்ரேயிடம் கேட்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவின் தொடக்கமும் நன்கு நினைவிருந்தது. தொடக்கத்திலிருந்து விலக விலக நினைவு தளர்ந்தது. தேர்ந்த கலைஞர் பயிற்சியின்போதே மனத்தில் நட்டுவைக்கும் மைல்கற்கள்தாம் மேடையில் அவருக்குத் துணை நிற்கின்றன.

எங்கள் காசாளர்களும் இதை அறிவார்கள். நூறு தாள்களை ஒரே மூச்சில் எண்ணும்போது இடையில் எவரேனும் பேச்சுக்கொடுத்தால் முதலிலிருந்து எண்ண வேண்டும். பத்துப் பத்தாகப் பிரித்து வைத்தவரோ பத்துத் தாள்களை மட்டும் மீண்டும் எண்ணினால் போதும்.

வழி பிரியும் வாசல்களுக்குத் தனிக் கவனம் தேவைப்பட்டது. இரு வழிகளையும் அடுத்தடுத்து வாசித்து, 'முதல்முறை ஜி, மறுமுறை சி' என்று மகள் வாய்விட்டுச் சொல்லிப் பழகினாள். ஒரே போன்ற இரண்டு இடங்களைத் தனித்தனியே பழகுவதால் பயனில்லை. அவற்றை அருகருகே வைத்து, எங்கே வேறுபடுகின்றன என்பதைத்தான் மனத்தில் கொள்ள வேண்டும்.

கருவி இல்லாத பயிற்சி

வால்டர் கீசெகிங் என்னும் ஜெர்மானியக் கலைஞரும் அவருடைய ஆசிரியர் கார்ல் லைமரும், கட்டைகளைத் தொடுமுன் இசைத்தாளைப் படித்தே மனத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும் என்று வலியுறுத்தினர். செசார் ஃபிராங்கின் 'சிம்ஃபொனிக் வேரியேஷன்ஸ்' படைப்பை ஆர்தர் ரூபின்ஸ்டைன் கச்சேரிக்குச் செல்லும் இரயிலிலேயே, மடிமேல் விரலோட்டிக் கற்றுக்கொண்டார் என்று சொல்லப்படுவதுண்டு. அத்தகைய திறன் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. எனினும் உறங்குமுன் கண்ணை மூடி, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை மனத்துக்குள் வாசித்துப் பார்ப்பது எவருக்கும் இயலும். எந்த இடத்தில் மனத்திரை மங்குகிறதோ, அந்த இடத்தைத்தான் மறுநாள் தாளில் பார்க்க வேண்டும்.

கால இடைவெளியும் முதன்மையானது. ஒரே நாளில் திணிப்பதைவிடப் பல நாள்களாகப் பிரித்துக் கற்பது நன்கு நிலைக்கும் என்பதை ஹெர்மன் எபிங்ஹௌஸ் 1885ஆம் ஆண்டிலேயே காட்டிவிட்டார். தொடர்வைப்புக் கணக்கில் மாதந்தோறும் சிறு தொகை இடுவதுபோல, மகள் நாளொன்றுக்கு இருபது நிமிடங்களை மனப்பாடத்துக்கு ஒதுக்கினாள். இறுதி மாதத்தில் வீட்டுக்கு வருவோர் யாவரும் அவளுக்கு அவையோர் ஆயினர். நான்கு மாடிகளை ஓடி ஏறிவந்து, மூச்சு இரைக்கும்போதே பியானோ முன் அமர்ந்து வாசித்தாள். பக்கத்தில் தொலைக்காட்சி ஒலிக்கும்போதும் வாசித்தாள். படபடப்பை அவளால் நீக்க முடியவில்லை. அதனோடு சேர்ந்து வாசிக்கப் பழகிக்கொண்டாள்.

தவறினாலும் மீளலாம்

இவ்வாண்டு அதே அரங்கில், அதே சொனாட்டாவை மீண்டும் வாசித்தாள். வாசலைச் சரியாகக் கடந்தாள். எங்களுக்கு மூச்சு வந்தது. ஆனால் அதன்பின், யாரும் எதிர்பாராத எளிய இடமொன்றில் அவளுடைய வலக்கை தடுமாறியது. இடக்கை மட்டும் ஒரு கணம் தொடர்ந்தது. பிறகு இரு கைகளும் ஒருசேர எழுந்து பதினொன்றாம் நிலையத்தில் அமர்ந்தன. இசை ஓடிச் சென்று முடிந்தது. எங்கள் அருகில் இருந்தவர்கள் எதையும் அறிந்ததாகத் தெரியவில்லை. மகளின் முகத்தில் மட்டும் ஒரு சிறு புன்னகை.

போர்ச்சுகல் நாட்டுக் கலைஞர் மரியா ஜோவாவ் பிரெஸ் ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்த நண்பகல் கச்சேரியொன்றில் அமர்ந்திருந்தபோது, ரிக்கார்டோ சாயி நடத்திய இசைக்குழு மொசார்ட்டின் டி மைனர் கான்செர்ட்டோவைத் தொடங்கியது. அவர் ஆயத்தமாக வந்ததோ வேறொரு கான்செர்ட்டோ. அதிர்ச்சி முகத்தில் தெரிய, இசை ஒலிக்கும்போதே நடத்துநரிடம் நிலையைச் சொன்னார். முன்பே வாசித்ததுதானே, உங்களால் முடியும் என்று அவர் ஊக்கினார். குழுவின் முன்னிசை முடிவதற்குள் பிரெஸ் தம் நினைவைத் திரட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கி, நிறைவாக வாசித்தார். அந்த நிமிடங்கள் பதிவாகியுள்ளன. மகள் அதைப் பலமுறை பார்த்திருக்கிறாள். அத்தகைய நினைவு ஓரிரு வாரத் திருப்புதலில் வருவதன்று. பல ஆண்டுகளாகப் பல வாயில்களின் வழியே உள்ளே சென்று தங்கியது.

உறுதியான நினைவு என்றால் ஒருபோதும் தவறாத நினைவு என்றே நாங்கள் நினைத்திருந்தோம். தவறிய இடத்திலிருந்து மீளத் தெரிந்த நினைவே உறுதியானது என்பதை மகள் எங்களுக்குக் கற்பித்தாள்.

அந்த மூத்த வாடிக்கையாளர் சென்ற வாரம் கிளைக்கு வந்திருந்தார். புதிய எண்ணை இப்போது விரலிடம் மட்டும் விட்டுவைப்பதில்லை என்றும், காலை நடையின்போது மனத்துக்குள் சொல்லிக்கொள்வதாகவும், அந்த நான்கு இலக்கங்களுக்குள் தமக்கென ஒரு கணக்கைக் கண்டுபிடித்து வைத்திருப்பதாகவும் மகிழ்ச்சியுடன் தெரிவித்தார். அது என்ன கணக்கு என்று விளக்க வாய் திறந்தார். விரைந்து கையமர்த்தினோம்.