டாங்கிமேல் அரை ஸ்பூன் புழுதி

அரியலூர்ச் சாலையில் எதிரே வரும் சுண்ணாம்புக்கல் டிப்பரின் அசல் நிறம் என்ன என்று பந்தயம் கட்டினால் பாதிப் பேர் தோற்றுப்போவார்கள். மஞ்சளோ பச்சையோ ஆரஞ்சோ, எதுவானாலும் மேலே ஒரு சாம்பல் வெள்ளை ஏறியிருக்கும். ஆனால் டீக்கடை ஓரம் நிற்கும் வண்டியைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், அந்த வெள்ளை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்பது தெரியும். சக்கரத்துக்குப் பின்னால் அடர்த்தி. கதவுப் பிடியைச் சுற்றி டிரைவரின் கை பட்டுப் பட்டுத் துப்புரவு. டீசல் டேங்க் மூடிக்குக் கீழே கருப்பாக ஒரு வழிசல், அந்த ஈரத்தில் ஒட்டிய புழுதி மட்டும் திட்டாக நிற்கும். போன மழை பக்கவாட்டுத் தகட்டில் நெடுக்குக் கோடுகளைப் போட்டுவிட்டுப் போயிருக்கும்.

இதையெல்லாம் ரசித்துப் பார்க்கிற ஒரு கூட்டம் உலகம் முழுக்க இருக்கிறது. பிளாஸ்டிக் துண்டுகளாக டப்பாவில் வரும் டாங்கியை ஒட்டிச் சேர்த்து, பெயிண்ட் அடித்து, பிறகு அந்தப் புத்தம்புது வண்டியை மெனக்கெட்டு அழுக்காக்குபவர்கள். இந்தக் கடைசி வேலைக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் வெதரிங். வெயிலும் மழையும் சேறும் பல வருஷத்தில் செய்வதைச் சில ராத்திரிகளில் தூரிகையால் செய்வது.

இந்தப் பொழுதுபோக்கின் அளவுகோலே ஒரு தற்செயல்தான். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டாமியா நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் பான்தர் என்ற ஜெர்மன் டாங்கியின் மாடலைச் செய்தது. உள்ளே சின்ன மோட்டாரும் பேட்டரியும் உட்கார வேண்டும். அதற்கு இடம் விட்டு வடிவமைத்ததில் அசலில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு என்று அமைந்துவிட்டது. மோட்டார் பின்னால் காணாமல் போனது, கணக்கு நின்றுவிட்டது. இன்று ராணுவ வாகன மாடல் என்றாலே பெரும்பாலும் 1/35தான். ஏழு மீட்டருக்குச் சற்றுக் குறைவான டி-72 டாங்கியின் உடல் இந்தக் கணக்கில் இருபது சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும்.

அழுக்காக்கும் கலையை வளர்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவின் ஷெப் பெயின் 1970களில் மாடல் டப்பாக்களோடு வந்த சிறு கையேடுகள் மூலம் ஒரு தலைமுறைக்கே பாடம் எடுத்தார். பெல்ஜியத்தின் பிரான்சுவா வெர்லிண்டன், உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தொட்டு வெளிச்சம் காட்டும் முறையைப் பிரபலமாக்கினார். பிறகு ஸ்பெயின்காரர்கள் வந்தார்கள். மிக் ஹிமெனெஸ் போன்றவர்கள் புழுதிப் பொடியையும் எண்ணெய் வண்ணத்தையும் தனித் தொழிலாகவே மாற்றினார்கள்.

தமிழ்நாட்டுக்கு டாங்கி அந்நியப் பொருள் இல்லை. சென்னை ஆவடியில் 1961-ல் கனரக வாகனத் தொழிற்சாலை உருவானது. 1965-ல் அங்கிருந்து விஜயந்தா வெளிவரத் தொடங்கியது. பிரிட்டனின் விக்கர்ஸ் வடிவமைப்பு, 105 மில்லிமீட்டர் பீரங்கி, நாலு பேர் உள்ளே. பின்னாளில் டி-72-வும் அர்ஜுனும் அதே ஆவடியில்தான். 2021 பிப்ரவரி 14 அன்று அர்ஜுன் மார்க் 1ஏ டாங்கியைச் சென்னையில் பிரதமர் மோடி ராணுவத் தளபதி நரவணேயிடம் ஒப்படைத்தார். அரியலூருக்கு இன்னும் பக்கத்தில், திருச்சியில், டாங்கிக் குண்டுகளின் கவசம் துளைக்கும் டங்ஸ்டன் தண்டுகளைச் செய்யும் ஆலையும் இருக்கிறது.

ஓய்வு பெற்ற விஜயந்தாக்கள் நாட்டின் பல ஊர்களில் நினைவுச் சின்னமாக நிற்கின்றன. மாடல் செய்பவர்களில் பலர் அவற்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு நிறம் பார்க்கிறார்கள். வடிவத்துக்குச் சரி, நிறத்துக்கு அது தப்பான வாத்தியார். குடியரசு தினத்துக்கு முந்தின வாரம் யாரோ பளபளக்கும் எனாமல் பெயிண்டை மேலுக்கு மேல் அடித்து வைத்த வண்டி அது. உழைத்த வண்டியின் ஒரு தழும்பும் அதில் மிஞ்சியிருக்காது.

அதைவிடச் சுண்ணாம்புக்கல் டிப்பர் நல்ல வாத்தியார். அரியலூர் மாவட்டத்தின் அடியில் இருப்பது கிரிட்டேஷியஸ் காலத்துக் கடல். சுமார் ஏழு கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சிப்பிகள் கல்லங்குறிச்சிப் பக்கம் பாறைப் படுகையாகவே கிடக்கின்றன. அந்தச் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான் 1979-ல் அரசு சிமென்ட் ஆலை வந்தது, தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் நடுவில் ஓடும் லாரிகள் ஊருக்கு எத்தனையோ தொல்லை தந்திருக்கின்றன, அது வேறு கட்டுரை. ஆனால் ஒரு கனரக வண்டியில் புழுதி எங்கே படியும், எங்கே படியாது என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் இடம் வேறு எங்கும் சுலபத்தில் கிடைக்காது. சுண்ணாம்பு வெள்ளை, செம்மண் சிவப்பு, பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் மஞ்சளும் சாம்பலும் கலந்த களிமண், கரிசல் கருப்பு என்று ஒரே நாள் பயணத்தில் நாலு நிறம் மாறும். வண்டியின் அடிப்பகுதியைப் பார்த்தே அது எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம்.

மாடல் டாங்கியும் அப்படிச் சொல்ல வேண்டும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். இந்திய டாங்கி என்றதும் ராஜஸ்தான் மணலை அள்ளித் தூவிவிடுகிறார்கள். 1965 செப்டம்பர் 8 முதல் 10 வரை பஞ்சாபின் அசல் உத்தரில் நடந்த டாங்கிப் போரை எடுத்துக்கொள்ளலாம். அங்கே கரும்பு வயல்களில் இந்தியப் படையினர் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். பாகிஸ்தானின் பேட்டன் டாங்கிகள் சேற்றில் புதைந்தன. ஏறத்தாழ 97 டாங்கிகளை அந்தப் பக்கம் இழந்தது. ஜீப்பில் பொருத்திய 106 மில்லிமீட்டர் பீரங்கியோடு டாங்கிகளை எதிர்கொண்டு உயிர்விட்ட அப்துல் ஹமீதுக்குப் பரம்வீர் சக்ரா கிடைத்தது அந்தப் போரில்தான். அந்தப் பேட்டனைச் செய்பவர் சங்கிலிப் பட்டைக்கு மேல்வரை ஈரச் சேறு பூச வேண்டும். நிறம், ஆற்று வண்டலின் சாம்பல் கலந்த பழுப்பு. இடையிடையே கரும்புத் தோகையின் சில நார்கள். மஞ்சள் மணல் ஒரு சிட்டிகைகூடக் கூடாது.

1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் ஆற்றங்கரைப் போரில் இருபத்தொரு வயது இந்திய அதிகாரி அருண் கேத்ரபால் எரிந்துகொண்டிருந்த தன் டாங்கியை விட்டு இறங்க மறுத்துச் சண்டையிட்டு இறந்தார். அவரது செஞ்சூரியன் டாங்கிக்கு ஃபாமகுஸ்தா என்று பெயர். அது இப்போது அகமதுநகரில் (இன்றைய அகில்யாநகர்) பாதுகாக்கப்படுகிறது. செஞ்சூரியன் மாடல் கிட் பல நிறுவனங்களிடம் கிடைப்பதால் இந்திய மாடல்காரர்களுக்குப் பிடித்த பாடம் இது. இங்கேயும் ஆற்றங்கரை, குளிர்கால மண். பாலைவனம் வேண்டுமென்றால் அதே மாதம் நடந்த லோங்கேவாலாப் போருக்குப் போகலாம். அங்கே தவித்த பாகிஸ்தானின் டி-59 டாங்கிகளுக்கு எவ்வளவு மணல் அடித்தாலும் தகும்.

இனி மேசைக்கு வரலாம். பிளாஸ்டிக்கின் மேல் முதலில் பிரைமர். அதன்மேல் ஏர்பிரஷ்ஷால் அக்ரிலிக் ஆலிவ் பச்சை, அதுவும் அசலைவிட ஒரு படி வெளிறிய பச்சை. கைக்குள் அடங்கும் பொருளில் அசல் நிறத்தை அப்படியே அடித்தால் கருப்பாகத் தெரியும். தூரத்தில் நிற்கும் வண்டியின் நிறம் வெளிறித் தெரிவதுபோல் இதையும் வெளிற வைக்க வேண்டும். அரியலூர் சித்திரை வெயிலில் ஒரு கூடுதல் வம்பு உண்டு. ஏர்பிரஷ் முனையிலிருந்து கிளம்பிய அக்ரிலிக் துளி பிளாஸ்டிக்கைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து, பரப்பு சொரசொரப்பாகிவிடும். விடியற்காலையில் அடிப்பது, உலர்வதைத் தாமதப்படுத்தும் திரவத்தை ஒரு சொட்டு கலப்பது என்று சமாளிக்கிறார்கள். ஐப்பசி மழையில் தொல்லை தலைகீழ். காற்றின் ஈரம் பட்டு லாக்கர் பூச்சு பால்போல் வெளுத்துப்போகும்.

பச்சை காய்ந்ததும் மேலே ஒரு பளபளப்புப் பூச்சு, அதன்மேல் எண்கள். இந்திய ராணுவ வண்டியின் எண் மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்கும், அடுத்த இரண்டு இலக்கம் வருஷம். பிறகுதான் வெதரிங்.

இதில் ஒரு எளிய ரசாயனம் இருக்கிறது, அது பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது. கீழே அக்ரிலிக், மேலே எனாமல் அல்லது எண்ணெய் வண்ணம். எனாமலைக் கரைக்கும் மினரல் டர்பன்டைன், நன்றாகக் காய்ந்த அக்ரிலிக்கை ஒன்றும் செய்யாது. அதனால் மேலே போட்ட அழுக்கு பிடிக்காவிட்டால் துடைத்துவிட்டு மறுபடி போடலாம். பெயிண்ட் கடையில் எம்.டி.ஓ. என்று கேட்டால் கிடைப்பது இதுதான். பக்கத்துத் தட்டில் இருக்கும் என்.சி. தின்னரை மட்டும் தொடக்கூடாது. அது பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும். கருப்பும் பழுப்பும் கலந்த எனாமலை நீர்க்கக் கரைத்து, ஆணித் தலைகளையும் தகடு சேரும் இடுக்குகளையும் தூரிகை நுனியால் தொட்டால், நீர்மம் தானாக ஓடி இடுக்கில் நிழலாகத் தங்கும்.

பெயிண்ட் பெயர்ந்த தழும்புக்கு மகளிர் அழகுப் பொருள் கடையின் ஹேர் ஸ்பிரே போதும். துரு நிறத்தின் மேல் ஹேர் ஸ்பிரே, அதன்மேல் அக்ரிலிக் பச்சை. பிறகு ஈரத் தூரிகையால் தேய்த்தால் அடியிலிருக்கும் ஸ்பிரே இளகி, பச்சை சில்லு சில்லாகக் கழன்று வரும். அசலில் பெயிண்ட் எப்படிக் கழலுமோ அப்படியே. அளவு முக்கியம். மாடலில் ஒரு மில்லிமீட்டர் தழும்பு என்றால் நிஜ டாங்கியில் மூன்றரை சென்டிமீட்டர்.

துரு என்று வந்தால் கை அடங்குவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் டாங்கியை அவ்வளவு துருப்பிடிக்கப் படைப்பிரிவில் யாரும் விடமாட்டார்கள். துரு வாழும் இடம் சங்கிலிப் பட்டையும் புகைக்குழாயும்தான். எம்113 கவச வண்டியின் உடலோ அலுமினியம், துருவே ஏறாது. டி-72-ன் சக்கரங்களும் அலுமினியக் கலவைதான். அதே டி-72-விலும் டி-55-லும் புகைக்குழாய் இடது பக்கம் மட்டும் இருக்கிறது. இரண்டு பக்கமும் கரி பூசிய மாடல் எத்தனை அழகாக இருந்தாலும் தெரிந்தவர் சிரித்துவிடுவார்.

கடைசியில் புழுதி. கடையில் விற்கும் வெளிநாட்டுப் பிக்மென்ட் டப்பிகளில் பாதிக்கு மாற்று நாட்டு மருந்துக் கடையிலேயே இருக்கிறது. முல்தானி மட்டி வெளிர் மஞ்சள் களிப்பொடி. சினிமாக்காரர்களும் புழுதி காட்ட அதே வகைக் களியைத்தான் பயன்படுத்துகிறார்கள். காவிக்கல் என்பது இரும்பு ஆக்சைடு. செம்மண்ணுக்கும் துருவுக்கும் அதைவிடப் பொருத்தமான சரக்கு இல்லை. இரண்டையும் கலந்தால் பல மாவட்டங்களின் மண் வந்துவிடும்.

ஊர் மண்ணையே அள்ளிப் போட்டால் என்ன? போடலாம், சலிக்க வேண்டும். 0.2 மில்லிமீட்டர் மணல் துகள் 1/35 கணக்கில் ஏழு மில்லிமீட்டர் கூழாங்கல். களிமண் துகள் அப்படி இல்லை, மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்குக்கும் கீழே. முப்பத்தைந்து மடங்கு பெரிதாக்கினாலும் புழுதியாகவே இருக்கும். அதனால் மண்ணைத் தண்ணீரில் கலக்கி, மணல் அடியில் உட்கார்ந்ததும் மேலே நிற்கும் கலங்கலை வடித்துக் காயவைத்தால் போதும். சாலையோர மண்ணே இதற்கு ஏராளம். காரைப் பள்ளத்தாக்கின் புதைபடிவங்கள் கிடக்கும் சரிவைக் கிளற வேண்டியதில்லை. சிமென்டையும் தொட வேண்டாம். ஈரம் பட்டால் இறுகிவிடும், கைத் தோலையும் அரித்துவிடும்.

பொடியை உலர்ந்த தூரிகையால் படுக்கைவாட்டுப் பரப்புகளில் தூவி, ஓரத்தில் எம்.டி.ஓ. ஒரு சொட்டு வைத்தால் அது பரவிப் பொடியை ஊறவைக்கும். காயும்வரை எல்லாம் இருட்டாகத் தெரியும், பயந்து மேலும் தூவினால் கெட்டது. காய்ந்ததும் வெளுத்துவிடும். வீரர்கள் ஏறி இறங்கும் இடங்களையும் மூடிகளின் விளிம்பையும் பஞ்சால் துடைத்து, பென்சில் கரியைத் தேய்த்து இரும்பின் மினுமினுப்பைக் காட்டுவார்கள். ஒரு முழு டாங்கிக்கு அரை ஸ்பூன் பொடியே அதிகம்.

மேலே மேட் வார்னிஷ் அடித்து இறுக்கலாமா என்பதில் மாடல்காரர்களுக்குள் ஒத்த கருத்தே கிடையாது. அடித்தால் புழுதியின் நிறம் பாதி செத்துப்போகும். அடிக்காவிட்டால் விரல் பட்ட இடம் துடைந்துபோகும். அடிக்காமல் அக்ரிலிக் பெட்டிக்குள் பூட்டுவதே மேல் என்பது அனுபவஸ்தர்கள் கட்சி. அரியலூரில் அந்தப் பெட்டி அத்தியாவசியம். சிமென்ட் ஊரின் காற்றில் வரும் நிஜப் புழுதி ஜன்னல் வழியாக வந்து மாடல்மேல் படிந்தால், அது 1/35 கணக்குக்கெல்லாம் கட்டுப்படாது. தட்டிவிடப் போனால் இரண்டு புழுதியும் சேர்ந்து போகும்.